மாத்திரைக் கம்பெனி முனிலட்சுமி

ஞாயிற்றுக்கிழமைகளில் என் தங்கை முனிலட்சுமி தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் வந்து உட்காருவாள். கூந்தல் பாதி உலர்வதற்குள் யாராவது முந்தானையில் முடிந்த மாத்திரையோடு வந்து நிற்பார்கள். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் கன்னடம். எந்த மொழியில் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

"இது எதுக்கும்மா? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

என் தங்கை டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சிப்காட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் வரிசையாக ஓடிவரும். ஏதாவது குழி காலியாக இருக்கிறதா, மாத்திரை உடைந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் எடுத்துப் பக்கத்திலுள்ள சிவப்புக் கூடையில் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். எந்த மாத்திரை எந்த நோய்க்கு என்று அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. சூப்பர்வைசர் மூர்த்தி சேர்ந்த அன்றே சொன்னது ஒரே பாடம்: "கொறைஞ்சா ரிஜெக்ட். யோசிக்கவே கூடாது."

சூளகிரிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் எட்டாவதோடு நின்று, ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். அவள் பத்தாவது முடித்தாள். எங்கள் தெருவில் பத்தாவது தேறிய முதல் பெண் அவள்தான். இன்டர்வியூவில் அதிகாரி ஒரு தட்டு நிறைய மாத்திரையைக் கொட்டி, "இதுல மூளி எது?" என்று கேட்டு முடிப்பதற்குள் எடுத்து நீட்டிவிட்டாளாம். இதை நான் என் கம்பெனியில் சொல்லாத ஆள் இல்லை. அவளுடைய கண் அப்படிப்பட்டது.

ஆனால் ஜனங்கள் அவளிடம் வந்தது கண்ணுக்காக இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். மருந்து தருகிற ஜன்னலில், "காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு, நகரு" என்பதோடு சரி. கேட்க நினைத்ததை எல்லாம் வீடுவரை சுமந்து வந்து இவளிடம் இறக்கிவைத்தார்கள். "எனக்குத் தெரியாதும்மா, நான் அட்டைதான் பாக்கறேன்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். "மாவு மில்லுல இருக்கறவனுக்கு மாவைப் பத்தித் தெரியாதா?" என்று அடக்கிவிட்டார்கள். பிறகு அவளும் அட்டையில் உள்ள தேதியைப் படித்துச் சொல்வாள். பெயரைப் படித்துச் சொல்வாள். கம்பெனியில் காதில் விழுந்ததை வைத்து, "காய்ச்சலுக்குன்னு நெனைக்கறேன்" என்பாள். அவர்கள் "நெனைக்கறேன்" என்பதை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் கங்கப்பன் இருந்தார். ஒரு வார்ப்பட ஃபவுண்டரியில் காண்ட்ராக்ட்டில் லோடு தூக்குகிறவர். வேலை முடிந்து வரும்போது பல்லையும் கண்ணையும் தவிர எல்லாம் கறுப்பாக இருக்கும். எண்பத்தெட்டாம் வருஷ வாக்கில் அவருக்கு இருமல் பிடித்தது. அவர் மனைவி கெம்பம்மா மிளகும் திப்பிலியும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பெங்களூர் பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னாரென்று ஒரு டானிக் வந்தது. பிறகு பஜாரில் ஒருவரிடம் ஊசி. "ஊசி போட்டா ரெண்டு நாள் சும்மா கெடக்குது, அப்பறம் எழுந்துக்குது" என்று இருமலை நாய்க்குட்டி மாதிரிச் சொல்வார். கடைசியில்தான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைக் கொடுத்தார். டி.பி. என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே தெரிந்தால் காண்ட்ராக்டர் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். அதனால் தெருவில் கேஸ் டிரபிள் என்று சொல்லிவைத்தார். தெருவே திரண்டு ஓமத் தண்ணீரும் சுட்ட பூண்டும் கொண்டுவந்தது. "டி.பி.யில சாவமாட்டேன், இந்தப் பூண்டுலதான் சாவப்போறேன்" என்று எங்களிடம் மட்டும் சிரித்தார். எங்களுக்கு விஷயம் தெரியும். மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கெம்பம்மா முதலில் வந்தது என் தங்கையிடம்தானே!

அந்த மாத்திரைகள் ஒரு கை நிறைய இருக்கும். விழுங்கினால் குமட்டும், சிறுநீர் சிவப்பாகப் போகும். கங்கப்பன் முனகிக்கொண்டேதான் விழுங்கினார். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது. அடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கெம்பம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"லட்சுமி, இதப் பாரும்மா. எப்பவும் கை நெறைய குடுப்பான். இப்ப ரெண்டு தினுசக் காணோம். ஜன்னல்ல இருக்கறவன் எடுத்துக்கினானோ?"

என் தங்கை பொட்டலத்தைப் பிரித்து மடியில் பரப்பினாள். பெல்ட்டில் ஓடுகிற மாதிரி அவள் கண் ஓடியது. அப்போதுதான் முதல் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். முகம் கழுவக்கூட இல்லை.

"கொறையுதுக்கா."

"அப்ப என்ன பண்றது?"

"தப்பா குடுத்திருந்தா வேற ஏதாவது ஆயிடும். கேட்டுட்டு அப்பறம் போடச் சொல்லுங்க."

"நானெங்க கேக்கறது? போன தடவ வாயத் தொறந்ததுக்கு, 'நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா'ன்னான்."

"சரி, செவ்வாக்கிழமை நானே கூட வர்றேன்."

டி.பி. மருந்து கொடுப்பது செவ்வாய்க்கிழமைகளில்தான். அந்தச் செவ்வாய்க்குக் கம்பெனியில் அவசர ஆர்டர் வந்தது. யாருக்கும் லீவு இல்லை. அடுத்த செவ்வாய்க்கும் அதே கதை. வழியில் பார்க்கும்போது, "கேட்டீங்களாக்கா?" என்பாள் இவள். கெம்பம்மா தலையை ஆட்டுவாள். கேட்டாகிவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள். இன்னும் இல்லை, நீ வந்து கேட்டுச் சொல்வாய் என்றுதான் அவள் தலையை ஆட்டியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் மாத்திரை போடாமல் இருந்த கங்கப்பனுக்குக் குமட்டல் நின்றது. களி உருண்டை இன்னொன்று கேட்டுச் சாப்பிட்டார். மறுபடி லோடு தூக்கப் போனார். கொஞ்ச நாளில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பேச்சு என் தங்கை காதில் விழுந்தது: "முனிலட்சுமியே மாத்திரைய நிறுத்தச் சொல்லிடுச்சாம், அதுக்கப்பறம்தான் அவருக்குக் கேஸ் கொறைஞ்சதாம்."

குடத்தை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "நான் நிறுத்தச் சொல்லலையேண்ணா. கேட்டுட்டுப் போடத்தானே சொன்னேன்?"

"போய்ச் சொல்லு" என்றேன். கூடவே நானும் போனேன்.

கங்கப்பன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "நீதானே கொறையுதுன்னு சொன்னே? கம்பெனிக்காரியே சொல்லிட்டா, அதுக்கு மேல யாரக் கேக்கறது? ஒடம்பு இப்பத்தான் ஒடம்பா கீது. உடும்மா."

"அப்படி இல்லண்ணா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த..."

"நல்லா இருக்கறவன் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்?"

குழாயடியில் விட்ட குடத்தை எடுக்க அவள் திரும்பி நடந்தாள். நானும் கூடவே வந்துவிட்டேன்.

மாரியம்மன் பண்டிகை முடிந்த வாரம், அதே குழாயடியில் கங்கப்பன் இருமிக் குனிந்தார். தண்ணீர் போகிற வாய்க்காலில் ரத்தம் ஓடியது. கேஸ் டிரபிள் என்கிற பேச்சு அன்றோடு முடிந்தது. காண்ட்ராக்டர் வேலையிலிருந்து நிறுத்தினார். தெருவில் சிலர் குடத்தை எடுத்துக்கொண்டு வேறு குழாய்க்குப் போனார்கள்.

சம்பளம் போனால் போகிறது என்று அவளும் நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டி.பி. பிரிவில் சின்னராஜ் என்று ஒரு சுகாதார ஊழியர். கோபக்காரர் இல்லை, அலுத்துப்போனவர். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் முடிஞ்சா மாத்திரையக் கொறைப்பாங்கம்மா. மொறையே அதுதான். நோய் பாதி எறங்கிடுச்சுன்னு அர்த்தம். மீதிய நாலு மாசம் விடாம போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"யாரும் சொல்லலையே சார்" என்றாள் என் தங்கை.

"யாரும் கேக்கலையேம்மா" என்றார் அவர்.

முதலிலிருந்து தொடங்க வேண்டும், இந்த முறை எட்டு மாதம், அதில் முதல் இரண்டு மாதம் தினமும் ஊசி என்று டாக்டர் எழுதினார். இதையும் நடுவில் விட்டால் பிறகு எந்த மருந்தும் பிடிக்காமல் போகலாம் என்று சின்னராஜ் இரண்டு தடவை சொன்னார். கங்கப்பன் காதில் ஊசி மட்டும்தான் விழுந்தது போலிருந்தது. "ஊசின்னா சரி. அத மொதல்லயே போட்டிருக்கலாம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கெம்பம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்திப்பள்ளியில் இருக்கிற தன் அக்காளிடம் பேசுவது போலக் கன்னடத்தில் ஏதோ புலம்பினாள். பிறகு தமிழில், யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல. தெரியாதுன்னா நாங்க வேற எங்கயாவது போய்க் கேட்டிருப்போமில்ல."

என் வாயில் வார்த்தை வந்துவிட்டது. என் தங்கை என் கையை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் அர்த்தம் சொல்வதில்லை. "தெரியாதுக்கா. வாங்க, கேக்கலாம்" என்பாள். ஜோதியம்மாள் என்று ஒரு அம்மாள் கடையில் நின்றுகொண்டு, "பெர்மனன்ட் ஆனதுல இருந்து தலைக்கனம் வந்துடுச்சு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் தங்கைக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. கேட்டு வாங்கி மூன்றாவது ஷிப்ட்டுக்கு மாறியிருந்தாள். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போக அது ஒன்றுதான் வழி. காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் கங்கப்பன் வாசலில் போய் நிற்பாள். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு வாயை அகலத் திறந்து காட்டுவார். "பாத்துக்கோ, ரிஜெக்ட் எதுவும் இல்ல" என்பார். கெம்பம்மா உள்ளேயிருந்து வரமாட்டாள். ஆனால் ஒரு டம்ளர் காப்பி வாசற்படியில் இருக்கும்.

ஊசிகள் முடிந்தன. ஊசியை ஏன் நிறுத்தினார்கள் என்று கங்கப்பன் ஒரு வாரம் சண்டை போட்டார். அதற்கடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு அன்று வார விடுமுறை. என் தங்கை ராத்திரி வேலையை முடித்த கண்களோடு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஜன்னலில் பொட்டலம் வந்தது. கங்கப்பன் அங்கேயே பிரித்துப் பார்த்தார். முன்பு குறைந்த மாதிரியே இப்போதும் குறைந்திருந்தது.

"நகருப்பா" என்றார் உள்ளே இருந்தவர்.

கங்கப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், கொறைஞ்சு கீது."

"அப்படித்தான் வரும். அடுத்தாள் வாங்க."

"ஏன் அப்படித்தான் வரும்? ஒரு தடவ கேக்காம போய்ப் பாதி நெஞ்ச உட்டுட்டேன் சார். சொல்லுங்க, நகர்ந்துக்கறேன்."

பின்னால் ஒரு பெண்பிள்ளை சத்தம் போட்டாள். "சொல்லிட்டுத்தான் அனுப்பேன்யா. எங்களுக்கும்தானே கொறையப்போவுது?"

உள்ளே இருந்தவர் பேனாவை மூடி வைத்தார். ஒவ்வொரு தினுசாகத் தொட்டு, எது நின்றது, எது தொடரும், எத்தனை மாதம் என்று சொன்னார். கங்கப்பன் விரல் மடக்கிக் கேட்டார். பிறகு திரும்பி அதை அப்படியே கெம்பம்மாவுக்குக் கன்னடத்தில் சொன்னார். வரிசையில் இரண்டு பேர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கெம்பம்மாவும் ஒரு சந்தேகம் கேட்டாள். அதற்கும் ஜன்னலில் பதில் வாங்கிச் சொன்னார்.

சொன்னதெல்லாம் சரியா என்று கேட்பதற்காகவோ என்னவோ, அவர் என் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கெம்பம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரிந்து கிடந்த முந்தானையை எடுத்து அவள் தோளில் போட்டாள். பஸ் நேரம் ஆனபோது அவள்தான் எழுப்பினாள்.

"லட்சுமி, எழுந்திரு. கேட்டாச்சு."

என் தங்கை திடுக்கிட்டு எழுந்து, வழக்கம்போல் பொட்டலத்துக்காகக் கையை நீட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே கலைந்த தலையை முடிந்துகொண்டு, செருப்பை மாட்டினாள்.