மாவிருக்கா?

சினிமாவில் நாயகனும் நாயகியும் சந்தையில் சந்தித்துக்கொள்ளும்போது, அவர்களுக்குப் பின்னால் சலசலவென்று ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருக்குமே, அந்தக் கூட்டம் கூட்டக்காதான். அவளும் இன்னும் மூன்று நான்கு பேரும். படம் பிடிக்கும்போது கூட்டத்தில் நிற்பவர்கள் சும்மா வாயை அசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில் நின்றுகொண்டு, அந்த வாய்களுக்கெல்லாம் பேச்சுக் கொடுப்பது இவர்கள் வேலை. நாயகனுக்குக் குரல் கொடுக்கிறவர் வந்தால் நாற்காலி துடைக்கப்படும். கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிறவர்களுக்கு வாசலில் ஒரு பெஞ்சு. இருபத்து மூன்று வருடமாக அந்தப் பெஞ்சின் ஓரம் அவளுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கூடத்தில் யாருக்கும் அது தெரியாது.

கூட்டம்தானே, கசமுசவென்று எதையாவது முணுமுணுத்தால் போதாதா என்று கேட்டுவிட்டால் அவளுக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். பஸ் டிப்போவில் நிற்கிற கூட்டம் பேசுவது ஒரு பேச்சு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற கூட்டம் பேசுவது வேறு பேச்சு. அதற்காகவே அவள் வேலையில்லாத நாட்களில் ஊரெல்லாம் போய் உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சதா மணியடித்துக் கூப்பிடுகிற நோயாளி 'ஸ்கூல்'. ஓட்டல் சமையற்கட்டில், கேட்ட ஆள் எழுந்து போய்விட்டதால் திரும்பி வருகிற தட்டு 'அனாதை'. தையற்காரர்களுக்கு, மாதத்துக்கு ஒரு அளவு சொல்லி வளர்ந்தும் தேய்ந்தும் வருகிற வாடிக்கையாளர் 'நிலா'. இது அவள் புருஷனிடமிருந்து கிடைத்தது, அவர் தையற்காரர். ஒரே சொல் இடத்துக்கு இடம் சட்டை மாற்றிக்கொள்வதும் உண்டு. 'பார்சல்' என்றால் கண்டக்டர்களுக்கு, இறங்க வேண்டிய இடம் தாண்டியும் தூங்குகிறவர். நர்சுகளுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவர். ஹாஸ்டல் மாணவர்களுக்கு, பெட்டியோடு வீட்டுக்குத் துரத்தப்பட்ட பையன். அவள் இதையெல்லாம் எங்கும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. சில நாள் தூக்கத்தில் அத்தனை பேரும் ஒரே தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், அவள் அவர்களுக்கு நடுவே யாரையும் இடிக்காமல் நடந்து போவாள்.

பொய்க்குத்தான் எத்தனை சொல் என்று அவளே வியந்திருக்கிறாள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கல்லூரிக் கூட்டத்துக்கு 'பீலா விடாதடா' என்று பேசினாள். பிறகு அது 'ரீல்' ஆயிற்று, நடுவில் கொஞ்ச நாள் 'டூப்' ஓடியது, இப்போது 'உருட்டாதே' என்றால்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள். பழைய படம் ஏதாவது டிவியில் ஓடினால், கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து வருகிற பொய்யின் பெயரைக் கேட்டே வருடத்தைச் சொல்லிவிடுவாள். அவள் சொன்ன ஒரு பொய் மட்டும் எந்தச் சொல்லிலும் அடங்காமல் உள்ளேயே கிடந்தது.

அது கண்ணாடிக் கடைச் சங்கதி. அவள் அப்பாவும் அண்ணனும் ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் தூக்குகிற ஆட்கள். ஆள் உயரக் கண்ணாடியை இரண்டு பேர் முன்னும் பின்னுமாகப் பிடித்துத் தெருவைக் கடக்கும்போது, கண்ணாடி இருப்பதே தெரியாது. இரண்டு பேர் வெறும் காற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும். கை வியர்த்தால் வழுக்கும். அதனால் உள்ளங்கையில் சாக்கட்டித் தூளைத் தேய்த்துக்கொள்வார்கள். அவர்கள் பேச்சில் அது மாவு. பத்தடிக்கு ஒரு தரம் முன்னால் போகிறவர் "மாவிருக்கா?" என்பார். பிடி உறுதியாக இருந்தால் பின்னால் இருப்பவர் "மாவிருக்கு" என்பார். இல்லையென்றால் "இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அதில் வெட்கமே கிடையாது. உடனே முன்னால் இருப்பவர் "இறக்கு" என்பார், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முழங்காலை மடக்கிக் கண்ணாடியைத் தரையில் வைப்பார்கள். அவ்வளவுதான் விதி. நாளாக நாளாக அந்தக் கடை ஆட்கள் காய்ச்சலில் படுத்திருக்கிறவனைப் பார்க்கப் போனாலும் "என்னப்பா, மாவிருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

அவளுக்குப் பதினைந்து வயது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத ஒருநாள், ஆள் கிடைக்காமல் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். சின்னக் கண்ணாடிகள் அவள் ஏற்கெனவே தூக்கியிருக்கிறாள். அன்றைக்கு ஒரு ஷோரூம் வாசலுக்கான பெரிய கண்ணாடி, ஏழு படி ஏற வேண்டும். மூன்றாவது படியில் அண்ணன் "மாவிருக்கா?" என்றான். அவள் கையில் வியர்வையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் எதிர்ச் சாரியில் அவளோடு படிக்கிற பெண்கள் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பாதிப் படியில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. கடைசி எழுத்தை நீட்டி, கெத்தாக, "மாவிருக்கூ" என்றாள்.

ஐந்தாவது படியில் நழுவியது. அண்ணன் தன் பக்கத்தை விட்டுவிட்டு, அவள்மேல் சாய்ந்த கண்ணாடியை வலது கையால் குறுக்கே தள்ளினான். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அவன் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்தது. முதலாளி வந்து கேட்டபோது, "என் கைதான் வழுக்கிடுச்சு சார்" என்றான். அப்பா காய்ச்சலோடு எழுந்து வந்து, தங்கச்சியைச் சாகக் கொடுக்கப் பார்த்தாயே என்று கடை ஆட்கள் முன்னால் அவனைக் கை ஓங்கி அடித்தார், இனி என் முகத்தில் முழிக்காதே என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் அண்ணன் கட்டுப் போட்ட கையோடு எங்கேயோ போய்விட்டான். அப்பா போகிறவரைக்கும் மகனைத் திட்டிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமாகி, புருஷன் தைத்த திரைச்சீலை மூட்டையைக் கொடுக்க ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போன ஒருநாள், கூட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று அவளையும் உள்ளே நிறுத்தினார்கள். திரையில் சந்தை. எண்ணற்ற வாய்கள் சத்தமில்லாமல் அசைந்தன. "எதையாவது பேசும்மா" என்றார்கள். அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, வாயில் வந்தது "மாவிருக்கா?" சந்தைக்குப் பொருத்தமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து யோசித்தாள். அண்ணன் எந்த ஊரில் இருந்தாலும் என்றைக்காவது ஒரு சினிமாவுக்குப் போகாமலா இருப்பான்? அன்றிலிருந்து எந்தப் படமாக இருந்தாலும், எந்தக் கூட்டமாக இருந்தாலும், ஓரிடத்தில் கடைசி எழுத்தை நீட்டி ஒரு "மாவிருக்கா" வைத்துவிடுவாள். நீதிமன்ற வாசலிலும் மாவு கேட்டாள், விமான நிலையத்திலும் கேட்டாள், ஜெயில் கலவரத்திலும் கேட்டாள்.

சவுண்டு இன்ஜினியருக்கு விஷயம் தெரியாது, ஆனால் காது தெரியும். "ஏன்க்கா, ஜெயிலை உடைச்சுட்டு ஓடறான், அவன்கிட்டப் போய் மாவு கேக்கறீங்களே" என்பார்.

"ஓடறவனுக்கும் பசிக்கும் தம்பி. இருக்கட்டும், விடு" என்பாள்.

அவர் சிரித்துவிட்டு அதை அழிக்காமல் விட்டுவிடுவார். அந்த இன்ஜினியருக்கு எங்கிருந்தாலும் நல்லது நடக்க வேண்டும்.

படம் வந்த முதல் வாரம், மதியக் காட்சிக்குத் தனியாகப் போவது அவள் வழக்கம். பாதிக்கு மேல் காலியாக இருக்கும் அரங்கில் கடைசி வரிசையில் உட்காருவாள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நீலமாக இருட்டு. கதை அவளுக்கு வேண்டியதில்லை. நாயகி அழும்போது அவள் நாயகிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்ப்பாள், ஜன்னலுக்கு வெளியே போகிறவர்களைப் பார்ப்பாள். அவர்களெல்லாம் தன் வாயால் பேசினவர்கள் என்பதில் ஒரு மிதப்பு. தன் சொல் வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். "இந்தப் படத்துக்காவது முடிவு என்னன்னு தெரியுமா?" என்று புருஷன் கேலி செய்வார். அவளுக்குத் தெரியாது.

அன்றைய படத்தில் வெள்ளம் வந்த ஊர். நிவாரண முகாமில் நீண்ட வரிசை, மழை, குழந்தைகளின் அழுகை. நாயகன் மூட்டையோடு வரிசையைத் தாண்டிப் போகிறான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "மாவிருக்காஅ?"

"மாவிருக்கு" என்று அரங்கின் இருட்டு பதில் சொன்னது.

ஒரு குரல் இல்லை. நாலு வரிசை முன்னால் மூன்று ஆண்கள் சேர்ந்தாற்போல் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். "நான்தான்டா முதல்ல" என்றான் ஒருவன். கூட்டக்கா எழுந்து நின்றுவிட்டாள். தான் கனவில் நடக்கிற அந்தத் தெருவில் யாரோ முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது. பின்னால் யாரும் இல்லாததால் மறைக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. இடைவேளைவரை அப்படியே நின்றாள்.

வெளியே படிக்கட்டருகில் அவர்களைப் பிடித்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும் மூன்று பேர். ஒருவன் கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பைப் பார்த்ததுமே கண்ணாடித் தொழில் என்று தெரிந்துவிட்டது.

"தம்பி, உள்ள என்னமோ சொன்னீங்களே, அது என்ன?"

"ஐயோ, தொந்தரவாப் போச்சாம்மா? அது சும்மா ஒரு விளையாட்டு" என்றான் மூத்தவன். "எங்க மேஸ்திரி பழக்கிவிட்டது. நாங்க வெளியூரு. இங்க ஒரு கட்டடத்துக்குக் கண்ணாடி மாட்ட வந்திருக்கோம்."

"அவர் என்ன சொன்னாரு?"

"எந்தப் படத்துல கூட்டம் வந்தாலும் காதைக் குடுத்துக் கேளுங்கடா, என் தங்கச்சி கேப்பா, கேட்டா பதில் சொல்லணும்பாரு. முதல்ல மனுஷனுக்கு மறை கழண்டுபோச்சுன்னு நெனச்சோம்மா. அப்புறம் பாத்தா நெஜமாவே ஒரு பொம்பளைக் குரல் கேக்குது. இப்ப எங்க கோடவுன்ல அத்தனை பேரும் கேப்போம்."

"தேடலையா, அந்தத் தங்கச்சிய?"

"தேடினாராம். பழைய வீட்டுல வேற யாரோ இருந்தாங்களாம், கடையை இடிச்சுட்டாங்களாம். சினிமாக் கம்பெனியில போய்க் கேட்டா, கூட்டத்துல பேசறவங்களுக்கெல்லாம் பேரு எழுதி வைக்கறதில்லன்னுட்டாங்களாம். அவர் விடல. ஒவ்வொரு படத்துக்கும் போய்ப் பதில் சொல்லிட்டு வந்துடுவாரு. அவளுக்குக் கேக்காதே, எதுக்குன்னு ஒரு தடவை கேட்டேன். கேட்டவளுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியுமாடான்னாரு."

கூட்டக்கா தன் வலது கையை நீட்டி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். அந்தப் பையன் அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் செல்போனை எடுத்து எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினான்.

"என்னடா?" என்றது ஒரு குரல். வயதாகிப் போன, கொஞ்சம் கரகரத்த குரல். "எதையாவது உடைச்சுத் தொலைச்சீங்களா?"

ஆயிரம் பேருக்குப் பேசின வாய் அது. கண்டக்டராகப் பேசுவாள், நர்சாகப் பேசுவாள், ஜெயிலை உடைப்பாள். தங்கையாகப் பேசி முப்பத்திரண்டு வருடமாயிற்று. கடைசியில், வேறெதுவும் தெரியாததால், அதையே கேட்டாள்.

"மாவிருக்கா?"

அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில் யாரோ கண்ணாடி அறுக்கிற கீச்சொலி வந்தது. பிறகு அது நின்றது.

"இருக்கு" என்றான் அண்ணன். "இருக்கும்மா. உனக்கு?"

"இல்லண்ணா" என்றாள். "அன்னிக்கும் இல்ல. இருக்குன்னு பொய் சொன்னேன். அந்தப் பொண்ணுங்க பாத்துட்டு இருந்தாங்க, அதான். அப்பா உன்னை அடிச்சப்பவும் சொல்லல. அவர் சாகறப்பவும் சொல்லல."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. மூன்று பையன்களும் உள்ளே போகாமல் அங்கேயே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இறக்கு" என்றான் அண்ணன்.

அவள் முழங்காலை மடக்கி, மெதுவாக, படிக்கட்டில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் இழுபடுகிற சத்தமும், அதில் ஒரு கனத்த உடம்பு மெல்ல அமர்கிற சத்தமும் அவள் காதில் விழுந்தன.