பாண்டிச்சேரியில் கேட்ட சங்கு

மகளோடு பாண்டிச்சேரி போகப் பையைக் கட்டி வைத்திருந்தேன். கணவர் சுரங்கத்திலிருந்து போன் செய்தார். "என்னை மாத்திவிட ரிலீவர் வரல. அடுத்த வாரம் போய்க்கலாம்." அவர் சொல்லும்போதே ஷிப்ட் சங்கு ஊதியது.

அப்பாவுக்கும் இதே சுரங்கம்தான். ரிலீவர் வராமல் எங்கள் பாண்டிச்சேரிப் பயணம் எத்தனையோ முறை நின்றுபோனது. ஒருநாள் அம்மா, "நாமளே போவோம், வாங்கடி" என்று என்னையும் தங்கையையும் பஸ் ஏற்றினாள். அதுவரை அவள் எங்கள் ஊர் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்கு அப்பால் தனியாகப் போனவளில்லை.

கடற்கரையெங்கும் கூட்டம், பலூன், சுண்டல் வாசனை. பாறையில் உட்கார்ந்து அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தோம். ஊருக்குள் ஏதோ ஒரு மில்லின் சங்கு ஊதியது. அம்மா பதறி எழுந்து ஈரப் புடவையை உதறினாள்.

"அப்பா வந்துடுவாரு, சோறு வைக்கணும்!"

நாலடி நடந்ததும்தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. நின்று கடலைப் பார்த்தாள். திரும்பி வந்து, முன்பைவிட அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"ஊதட்டும். இன்னிக்கி அவரே வெச்சி சாப்பிடட்டும்."

போனில் ஷிப்ட் சங்கு ஓய்ந்தது. "நாங்க இப்பவே கிளம்புறோம். நீங்க நாளைக்கி வந்து சேந்துக்குங்க" என்றேன். மகள் செருப்பு மாட்ட ஓடினாள்.

"அப்ப ராத்திரி சாப்பாடு?" என்றார் கணவர்.

"அரிசி டப்பாவுல இருக்குங்க."