மருந்து குடிச்சியா என்று கேட்டார்கள்

கும்மிடிப்பூண்டியில் பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் காலி டிரம் கழுவினேன். அறுபது தாண்டியும் என் கைக்குச் சரியாக வேறு ஆள் இல்லை அங்கே. ஒருநாள் மதியம் கண் மங்கி, வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகி, விழுந்துவிட்டேன்.

தூக்கிப்போன ஆஸ்பத்திரியில் ஒருவர் காதருகே குனிந்து, "ஆயா, மருந்து குடிச்சியா?" என்றார். எனக்கு ஒரு வாரமாக இருமல். "ஆமா, ரெண்டு வேளையும்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அவர் கேட்டது விஷத்தை. வீடு திரும்பியபோது நான் விஷம் குடித்த கிழவி ஆகியிருந்தேன். பழி மருமகள் மேல். பக்கத்து வீட்டுக்காரி அவளிடம், "மாமியார அப்படி இன்னாத்தம்மா சொல்லிட்ட?" என்றாள். நான் குடிக்கவில்லை என்று எவ்வளவு சொன்னாலும் மகன், "சரி வுடும்மா" என்பான். அந்தச் 'சரி' என்னைச் சுட்டது.

மூன்று வாரம் கழித்து மருமகளோடு திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, விஷம் பட்டது இன்னும் தெரிகிறது என்றார்.

"இத்தினி நாள் கழிச்சா?"

"விஷம் போயிடும் ஆயா. அது ரத்தத்துல பண்ண சேதம், புது ரத்தம் ஊறி வர்ற வரைக்கும் இருக்கும். மூணு மாசத்துக்கு மேலகூட. சண்டையில விஷப்புகை போட்டாங்களான்னு பாக்கறதுக்கும் இந்தச் சோதனை உண்டு. அந்தப் புகையும் உங்க டிரம்ல இருக்கறதும் பங்காளிங்க."

நான் கழுவிக் கொட்டியது அதன் பங்காளியா? நான் மறந்தாலும் ரத்தம் மறக்காதா?

"நான் குடிக்கலன்னு அது சொல்லுமா?"

"பட்டுச்சுன்னு சொல்லும். வாயாலயா, தோலாலயான்னு சொல்லாது."

"அப்போ என்கூட டிரம் கழுவற மூணு பேரையும் பாருங்க."

லீவு நாளில் அவர்களைக் கூட்டிப்போனேன். ஒருத்திக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. ஆனால் மூவர் ரத்தத்திலும் அதே சேதம்.

"நாலு பேரும் கூடி உக்காந்தா குடிச்சீங்க?" என்று டாக்டரம்மா சிரித்தார். பிறகு எங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இனி யாரும் டிரம் பக்கம் போகக்கூடாது என்றார்.

"தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றேன். வேலையில் தோல் வழியாக ஏறியது, குடித்ததல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மருமகள் அதை இரண்டு முறை படித்தாள்.

"நீங்க குடிச்சீங்கன்னு நானே நம்பிட்டேன் அத்தே" என்றாள். "அன்னிக்குக் காலைல உங்கள இன்னா பேசினேன்னு தேடிக்கினே இருந்தேன்."