வீட்டோடு போன சார்ஜர்

என் கணவருக்கு இரண்டு பொருட்களில் அசைக்க முடியாத பெருமை. ஒன்று, ஓய்வு பெற்றதும் வாங்கிய மின்சாரக் கார். மற்றது, அதற்குச் சார்ஜ் ஏற்ற எங்கள் கராஜ் சுவரில் அவர் பூட்டுவித்த வெள்ளைப் பெட்டி. சிட்னியில் பிளாக்டவுனுக்குக் கிட்ட இருந்த வீட்டை விற்றுவிட்டு, மெல்பேர்னில் இருக்கும் மகளுக்குப் பக்கத்தில் போய் இருப்பது என்று முடிவெடுத்திருந்தோம். வீட்டைப் பார்க்க வந்த விற்பனை முகவர் அந்தப் பெட்டியைக் குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோலத் தட்டினார். இப்போதெல்லாம் இது இருக்கிற வீட்டுக்குத் தனி மவுசு, விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுவோம் என்றார். அன்றிலிருந்து இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

எனக்கு எரிச்சல். பின்பக்கத்தில் நான் பார்த்துப் பார்த்துக் கட்டுவித்த வெளிக் குசினி இருந்தது. அதில் எத்தனை மீன் பொரித்தாலும் வீட்டுக்குள் மணம் வராது. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுவரில் தொங்குகிற பெட்டிக்கு மட்டும் பெரிய படம்.

சனிக்கிழமைகளில் ஆட்கள் வீடு பார்க்க வரும்போது வீட்டுக்காரர் உள்ளே நிற்கக்கூடாதாம். நாங்கள் தெருமுனையில் காருக்குள் இருந்து, யாரோ வீட்டை உளவு பார்ப்பவர்கள்போல எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் ஓர் இளைஞர் மனைவியோடும் சின்ன மகளோடும் வந்தார். மற்றவர்கள் எல்லாரும் முன்வாசலால் போக, இவர் மட்டும் நேரே கராஜுக்குள் போனார். என் கணவர் என் தோளில் இடித்தார். "பாத்தீரே? ஆள் விஷயம் தெரிஞ்சவர்."

அந்த இளைஞர்தான் வீட்டை வாங்கினார். நாங்கள் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே விலை வந்தது. அது சந்தையின் புண்ணியமோ, தெருவின் புண்ணியமோ, என் குசினியின் புண்ணியமோ யாருக்குத் தெரியும்? என் கணவருக்குத் தெரியும். கோயிலில், கலியாண வீட்டில், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரத்தில்கூட அவர் சொன்னது ஒன்றுதான். "பெட்டிதான் விலையை ஏத்தினது."

வாங்கிய இளைஞரும் எங்கள் ஆள்தான், இலங்கைத் தமிழர் என்று பிறகு தெரிந்தது. படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இழுபட்டு, நிரந்தர விசா கிடைத்த பிறகு வாங்கும் முதல் வீடு. இரவு வேளைகளில் மின்சாரக் கார் ஒன்றில் வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஓட்டுகிறவர்.

இந்த வீட்டின் காசு கைக்கு வந்தால்தான் மெல்பேர்ன் வீட்டை வாங்கலாம். ஆகவே இரண்டுக்கும் ஒரே வெள்ளிக்கிழமையில் கைமாற்றம் என்று வழக்கறிஞர் ஒழுங்கு செய்திருந்தார். ஒன்று தடக்கினால் மற்றதும் விழும். அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை சாமான்கள் எல்லாவற்றையும் லொறி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வெறும் வீட்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் கராஜுக்குள் போனேன்.

சுவரில் பெட்டி இல்லை. நாலு ஓட்டைகளும், மூடி போட்ட வயர் நுனியும் மட்டும் இருந்தன.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"கழட்டியாச்சு. சும்மா இல்லை, லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, சட்டப்படி கழட்டினனான்" என்றார் பெருமையாக. "புது வீட்டில சார்ஜர் இல்லையெல்லோ? லொறிக்காரரை நம்பேலாது. காரின்ர டிக்கிக்குள்ள பத்திரமா இருக்கு."

என் நல்ல குளியல் துவாயில் சுற்றி வைத்திருந்தார். அவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. கொழும்பில் வாடகை வீடு வாடகை வீடாக மாறித் திரிந்த காலத்தில், ஃபானையும் பல்பையும் கழற்றாமல் நாங்கள் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிப் பூட்டினால் அது பூட்டியவருடையது, சுவர் மட்டுமே வீட்டுக்காரருடையது.

இது சரிவருமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கைமாற்றத்துக்கு முன் வாங்குகிறவர் கடைசியாக ஒரு தடவை வந்து பார்ப்பது வழக்கம். முகவரும் அந்த இளைஞரும் இறங்கினார்கள்.

இளைஞர் முதலில் போனது கராஜுக்குத்தான். வெறும் சுவரைப் பார்த்தார். பின்னால் வந்த முகவர்தான் பதறிப்போனார். திருகாணி போட்டுச் சுவரில் பூட்டியது எல்லாம் வீட்டோடு போக வேண்டியவை, விளம்பரத்தில் காட்டி விற்ற பொருளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, உடனே திரும்பப் பூட்டாவிட்டால் நாளைக் காரியம் நடக்காது என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார்.

என் கணவருக்கு ஒரு குணம். அதட்டினால் இறுகிவிடுவார். பிறகு பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

"நான் வாங்கினது, நான் பூட்டினது, நான் கழட்டினனான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமான் எல்லாம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் ஒரு விளக்குமாற்றோடு நடுத்தெருவில் நிற்கப் போகிறோம்.

"பெட்டிதான் விலையை ஏத்தினது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது ஆர்? அந்த விலையையும் வாங்கிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போறியளோ? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை எண்டால் எப்பிடியப்பா?"

அவர் அசையவில்லை. முகவர் இளைஞரின் பக்கம் திரும்பினார். நீங்கள் விரும்பினால் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி நாளை நடப்பதை நிறுத்தலாம் என்றார். எல்லாம் அந்தப் பிள்ளையின் வாயில் தொங்கியது.

"வேண்டாம்" என்றார் அவர். பிறகு என் கணவரைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "பரவாயில்லை அங்கிள். ஊரில நாங்களும் கழட்டிக்கொண்டுதானே போறனாங்கள். நான்தான் வீட்டோட வருமெண்டு நினைச்சிட்டன். எனக்கு லோன் கிடைச்சதே பெரிய காரியம். நாளைக்கே முடியட்டும்."

"அப்ப காருக்கு என்ன செய்வீர்?" என்று நான் கேட்டேன்.

"இப்ப செய்யிறதுதான் அன்ரி. விடிய வேலை முடிய, பரமட்டாவில இருக்கிற பொதுச் சார்ஜரில போட்டிட்டு, காருக்குள்ளேயே நித்திரை கொள்ளுவன். நான் வீட்டை போறதுக்குள்ள மகள் பள்ளிக்கூடம் போயிடுவா. இன்னும் கொஞ்ச நாள்தானே, காசு சேர ஒண்டு வாங்கிப் பூட்டுவம்."

குறையாகச் சொல்லவில்லை. காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். என் கணவர் காரடிக்குப் போய், டிக்கியைத் திறந்து, துவாயோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எலெக்ட்ரீசியன் முதலில் வர மாட்டேன் என்றார். எங்கேயோ தூரத்தில் கூரையில் நிற்கிறாராம். யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாத என் கணவர் தொலைபேசியில் கெஞ்சினார். "தயவுசெய்து" என்ற சொல்லை அவர் ஆங்கிலத்தில் அத்தனை தரம் சொல்லி நான் கேட்டதில்லை. எலெக்ட்ரீசியன் பொழுதுபடுகிற நேரத்தில் வந்து, சிரித்துச் சிரித்து, காலையில் கழற்றியதை அதே ஓட்டைகளில் பூட்டிவிட்டுப் போனார். பெட்டியில் விளக்கு எரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த வெறும் குசினியில் நின்று இரண்டு கடதாசிக் கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றினேன். அப்படி ஒரு தேத்தண்ணியை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

மறுநாள் மத்தியானம், இரண்டு வீடும் சரி என்று வழக்கறிஞரிடமிருந்து செய்தி வந்தபோது நாங்கள் மெல்பேர்ன் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். காருக்குள் நான் சத்தமாகவே "அப்பாடா" என்றேன். அவரும் சிரித்தார். பின்னேரம் நாலு மணியளவில், வழியில் கோல்பர்ன் என்ற ஊரில் சார்ஜ் போட நிறுத்தினோம். எங்களுக்கு முன்னால் நின்ற காருக்குச் சார்ஜ் முடிந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் இருக்கையைச் சாய்த்துவிட்டு நல்ல தூக்கம். என் கணவர் கண்ணாடியில் தட்டப் போனார். தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு வந்து காருக்குள் இருந்தார். நாற்பது வருடமாக அந்த மனுஷனைத் தெரியும், வரிசையில் நின்று அவர் பொறுமையாக இருந்ததை அன்றுதான் கண்டேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. அந்த இளைஞர்.

"அங்கிள், கரைச்சலுக்கு மன்னிக்கோணும். பெட்டியில பச்சை லைட் விட்டு விட்டு மின்னுது. பிழை ஒண்டுமில்லையே?"

"பிழையில்லைத் தம்பி. ஏறுது எண்டு அர்த்தம்."

"நிறைஞ்ச உடன நான் போய்க் கழட்ட வேணுமோ?"

"தேவையில்லை. அது தானா நிக்கும்."

அந்தப் பக்கத்தில் அவருடைய மகள் வெறும் அறைகளுக்குள் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் போய்ப் படுக்கட்டோ அங்கிள்?"

"போய்ப் படு ராசா" என்றார் என் கணவர்.