நாகேந்திரம் விட்ட சொட்டு மருந்து

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கையில் யாருக்குத் தலையிடி என்றாலும் முதலில் மூக்கை நுழைப்பவர் நாகேந்திரம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், போத்தலோடு வரும் துண்டுக் காகிதத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பார் என்பது மட்டுந்தான். அந்தத் தகுதியோடு அடுக்குமாடி முழுவதற்கும் வைத்தியம் சொன்னார். யாரும் சாகவில்லை என்பதால் பெயரும் கெடவில்லை.

அவருடைய மனைவி கனகேஸ்வரிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபோது டொக்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஒப்பரேசன்தான். அரை மணித்தியாலம், பயப்பட ஒண்டுமில்லை."

அதைக் கேட்டதும் நாகேந்திரம் மனைவியை எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கண்ணுக்குள் கத்தியா? அதோடு அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்த நேரம்; கொழும்பில் தெருவுக்குத் தெரு சோதனை. கட்டுப்போட்ட கண்ணோடு செக்பொயின்ற்றில் நின்றால் முகம் அடையாள அட்டைப் படத்தோடு பொருந்தாது, அது வேறு வில்லங்கம் என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்தார். உண்மையில் பயந்தது அவர்தான். கனகேஸ்வரி போகத் தயாராகத்தான் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து லண்டனில் இருக்கும் அவருடைய தங்கை சிவமணி ரெலிபோனில் ஒரு புதினம் சொன்னாள். வெட்டாமல் கொத்தாமல் புரையைக் கரைக்க அன்ரிஒக்சிடன்ட் சொட்டு மருந்து வந்திருக்கிறதாம். இரும்பில் துரு ஏறுவதுபோல வயது போகப் போகக் கண்வில்லையிலும் ஏறுகிறது, இது அதைக் கழற்றிவிடும் என்று இன்ரநெற்றில் போட்டிருக்கிறார்களாம். கொஞ்ச நாளில் தெரிந்த ஒருவர் மூலம் போத்தல்கள் வந்து சேர்ந்தன.

"இதால புரை கரைஞ்சதெண்டு நம்பக்கூடிய ஆதாரம் இல்லை. நாளைக் கடத்தாதேங்கோ," என்றார் டொக்டர். லண்டனிலிருந்து வந்த மருந்துக்கு முன்னால் உள்ளூர் டொக்டரின் பேச்சு எடுபடுமா?

காலையும் மாலையும் நாகேந்திரமே மனைவியைச் சாய்கதிரையில் அண்ணாந்து படுக்கவைத்து மருந்தை விடுவார்.

"இஞ்சரும், இப்ப எப்பிடி? தெளியுதே?"

"ஓம், சாடையாத் தெளியுது," என்பாள் கனகேஸ்வரி.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒழுங்கை முழுக்கப் பறைசாற்றுவார். சத்திரசிகிச்சைக்குக் கிடைத்த திகதியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் விடியற்காலை ஆமியும் பொலிசும் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். தமிழ்ப் பெடியன்களை வீடுகளிலிருந்து இறக்கி, விசாரணைக்கென்று இரண்டு பஸ்களில் ஏற்றினார்கள். அவர்களுடைய ஒரே மகன் தயாபரனும் அதில் ஒருவன். இப்படியான நேரத்தில் வெள்ளவத்தைத் தாய்மாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அழுவதைப் பிறகு பார்ப்பார்கள். பிள்ளை எந்த பஸ்ஸில் ஏறுகிறான் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்குப் போகும். பின்னாலேயே போய், கொழும்பில் தங்குவதற்குப் பொலிசில் செய்த பதிவைக் காட்டினால் பெரும்பாலும் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். பிந்தினால் எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பதிவுத் துண்டை எடுக்க நாகேந்திரம் மேல்மாடிக்கு ஓடினார். திரும்பி வரும்போது பஸ்கள் போய்விட்டன.

"எதில ஏத்தினவங்கள்?"

கனகேஸ்வரி கேற்றைப் பிடித்தபடி நின்றாள். "முன்னுக்கு நிண்டதில போல கிடந்தது."

முன்னால் போன பஸ் எங்கே போனது என்று விசாரித்து, அந்தப் பொலிஸ் வாசலில் இருவரும் பின்னேரம் வரை நின்றார்கள். தயாபரன் என்று அங்கே ஒருவரும் இல்லை என்று அப்போதுதான் சொன்னார்கள்.

"உமக்கு வடிவாத் தெரிஞ்சதே?" என்று அவர் சத்தம் போட்டார். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"எனக்கு ஒண்டுமே தெரியேல்லையப்பா. எல்லாம் வெள்ளைப் புகைமாதிரி. மருந்தால ஒரு மாற்றமும் இல்லை. நீங்கள் ஆசையாக் கேக்கேக்க இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்லை."

மற்றப் பொலிசுக்கு ஓடிப் போனபோது, தாய் தகப்பன் தேடி வந்த பெடியன்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். யாரும் தேடி வராதவர்களைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள்.

பொய் சொல்லிவிட்டாளே என்று நாகேந்திரம் மனைவியைக் கோபிக்கப் பார்த்தார், முடியவில்லை. இல்லை என்ற பதிலைக் கேட்கத் தான் ஒரு நாளும் தயாராக இருக்கவில்லை என்று அவருக்கே தெரியும். மிச்ச மருந்தைக் குப்பையில் போட்டார். மாதம் முடியமுன் கனகேஸ்வரிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. டொக்டர் சொன்னபடி அரை மணித்தியாலம்தான். வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி அவர் வாய்விட்டு அழுதார். இவ்வளவு சின்னக் காரியத்துக்குப் பயந்தா பிள்ளையைக் கொடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பார்க்க அனுமதி கிடைத்த நாளில், கம்பிக்கு அந்தப் பக்கம் தயாபரன் வந்து நின்றான். நன்றாக மெலிந்திருந்தான். இடது கையைத் தூக்க முடியாமல் உடம்போடு சேர்த்து வைத்திருந்தான். கனகேஸ்வரி அதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

"அம்மா, அண்டைக்கு பஸ் யன்னலால உங்களுக்குக் கை காட்டினனான். என்னையே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள், ஆனா ஒண்டும் செய்யேல்லை. என்னில கோவமோ?"

"இல்லை ராசா. வெயில் கண்ணில அடிச்சிட்டுது."

"அண்டைக்கு மழையெல்லே அம்மா."

புருசனைக் காப்பாற்ற அவள் இன்னொரு பொய் தேடுகிறாள் என்று நாகேந்திரத்துக்கு விளங்கியது.

"தம்பி, கொம்மாவில பிழையில்லை. ஒப்பரேசன் செய்ய விடாமல் மறிச்சு வச்சது நான். அவவுக்கு உன்னைத் தெரியேல்லை."

தயாபரன் தகப்பன் பக்கம் திரும்பவில்லை. நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும்வரை, ஏலுமான கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாயின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.