லோண்ட்ரி அறையில பட்டுச்சீலை

எல்லாருக்கும் வணக்கம். உடுத்த உடுப்போட இருந்து இந்த ஈமெயிலை அடிக்கிறன். மிச்ச உடுப்பெல்லாம் கீழ மாட்டுப்பட்டுப் போச்சு.

இண்டைக்குக் காலமை எங்கட பில்டிங் பேஸ்மென்ற் லோண்ட்ரி அறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனன். உடுப்பை மெசினில போட்டிட்டுத் திரும்பினால், பட்டுச்சீலை, அட்டியல், கொண்டைமாலையோட ஏழெட்டு அன்ரிமார் இறங்கி வருகினம். ஆற்றையோ கலியாணம் எண்டு நினைச்சன்.

இல்லை, படம். பத்தாம் மாடிச் சுகந்தி கொலிஜ்ஜில படமெடுக்கப் படிக்கிறவள். எங்கட சனம் ஆசையாக் கூடிற இடங்களைப் பற்றி ஐஞ்சு நிமிசப் படங்கள் எடுக்கிறாளாம். பில்டிங்கின்ரை அரைவாசி விடுப்பும் வம்பும் பிறக்கிறது லோண்ட்ரி அறையில எண்டு அவளுக்குத் தெரியும். கமராவோட வந்திட்டாள்.

"அன்ரி, ஜஸ்ட் நோர்மலா உடுப்புத் தோயுங்கோ."

"விசரே பிள்ளை? இந்தப் படத்தின்ரை கொப்பி ஒண்டு லண்டன் மச்சாளிட்டப் போகுது" எண்டா பவளம் அன்ரி.

ஊத்தை உடுப்பு ஒருத்தரும் கொண்டுவரேல்லை. மெசினுகளுக்கு மேல கேக், ரோல்ஸ் தட்டுகள். முன்னால அன்ரிமார் கலியாண வீடியோவுக்கு நிக்கிறமாதிரி அசையாமல் சிரிக்கினம். வழக்கமா வாய் மூடாத சனம், ஒரு சொல் கதைக்கேல்லை.

நான் என்ரை மெசினுக்குப் பக்கத்தில நிண்டன். பவளம் அன்ரி கண்டிட்டா.

"தம்பி, வெளியில நில்லும். படமெடுக்கிற இடத்தில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு!"

படம் வந்தாப்பிறகு பாக்கிறவை கவனியுங்கோ. அன்ரிமாருக்குப் பின்னால, மெசின் கண்ணாடிக்குள்ள சுத்திற, நீலக்கோடு போட்ட சாரம் நான் இடுப்பில கட்டுறது. முழுப்படத்திலயும் நடிக்காதது அது ஒண்டுதான். எப்பிடி இருக்கெண்டு எழுதிப் போடுங்கோ.