சரோஜாம்மாவின் காலுக்கு ஒத்தடம்

நான் ஸ்கெலட்டன் பகுதி லைன் வீடுகளுக்கு யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் சரோஜாம்மாவின் கால்களுக்கு ஒத்தடம் கொடுக்கப் போகிறேன்.

இன்று காலை அவருடைய மருமகள் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"கோச்சிக்காதீங்க ஆன்ட்டி. நீங்க இன்னாவோ மந்திரம் சொல்றீங்கன்னு பக்கத்து வூட்ல பேசறாங்க. இனிமே வராதீங்க."

ஒரு காலுக்குப் பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் ஒத்தடம். அதுதான் என் கணக்கு. அதைச் சத்தமாகச் சொன்னது என் தவறு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளின் சுவர் மெல்லியது. என் கான்வென்ட் உச்சரிப்பை நாலு பேர் கேட்கட்டும் என்ற கர்வமும் எனக்கு இருந்தது.

உள்ளேயிருந்து சரோஜாம்மா கத்தினார்: "இன்னாடி அவங்களை நிக்க வெச்சுப் பேசற? கால் வலி எனக்கா, பக்கத்து வூட்டுக்கா? நீங்க வாங்கம்மா."

மருமகள் வழிவிட்டாள். ஜெபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒத்தடம் கொடுத்தேன். மனதுக்குள் சொன்னாலும் ஆண்டவருக்குக் கேட்கும்.

நாளையும் போவேன். ஆனால் என் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. வியாழக்கிழமைகளுக்கு இன்னொருவர் வேண்டும். என்னைப் பற்றிப் பேசியவர்களும் வரலாம், வெந்நீர் நானே போட்டுத் தருகிறேன்.

இந்த வாட்ஸ்அப் குழுவில் பதிலுக்குக் கைகூப்பும் படம் போட வேண்டாம். வருகிறவர்கள் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.